காடரின் காட்டுக்குத் துணை நிற்க விரும்புகிறவர்களுக்கு

கேள்வி: நாங்கள் கோவையில் வேலை பார்க்கும் நண்பர்கள். அண்மையில் வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை, வாழச்சால் வழியாக அதிரப்பள்ளி வரை போய்வந்தோம். வழியெல்லாம் மழைக்காடு. அதன் நடுவே அணை கட்டத் திட்டமிட்டார்கள் என்றும், அங்கு வாழும் காடர் பழங்குடி மக்கள் எதிர்த்து நின்றார்கள் என்றும் அறிந்தோம். இந்தப் பக்கம் ஆனைமலையிலும் காடர்கள் இருக்கிறார்கள். தங்கள் காட்டைக் காப்பாற்ற அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. பணம் திரட்டித் தரலாமா? மரக்கன்று நடலாமா? கையெழுத்து இயக்கம் நடத்தலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மூன்றையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஓங்கி நிற்கும் மழைக்காட்டில் மரக்கன்றுக்கு வேலை இல்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே சிதைந்து கிடக்கும் காட்டுத் துண்டுகளை மீட்பது தனி அறிவு. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அதைச் செய்துவருகிறார்கள். அது அவர்களிடமே இருக்கட்டும். கையெழுத்துகளை வாங்கிக்கொண்டு அரசு அலுவலகம் ஒரு கோப்பில் சேர்த்துவிடும். பணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்களைப் போன்ற நகரத்து நண்பர்களால் உண்மையில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வன உரிமைச் சட்டம் 2006 என்ற சட்டம், காட்டில் வாழும் ஊருக்குத் தன் காட்டைப் பாதுகாக்கும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தை உறுதிசெய்யும் பட்டத்துக்குச் சமூக வன வள உரிமை என்று பெயர். இதைக் கேட்டு விண்ணப்பிக்கவேண்டிய தாள் படிவம் ‘சி’. அணையோ சுரங்கமோ சாலையோ வருவதற்கு முன்பே இந்தப் பட்டம் ஊரின் கையில் இருக்க வேண்டும். அதற்கு உதவுங்கள். பேனர் பிடிப்பதைவிட இது மெதுவான வேலை, புகழ் கிடைக்காத வேலை. ஆனால் காட்டை நிறுத்தி வைப்பது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீங்கள் கடந்துவந்த வாழச்சாலையே எடுத்துக்கொள்வோம். சாலக்குடி ஆற்றின் மேல் 163 மெகாவாட் மின்நிலையம் கட்டக் கேரள மின்வாரியம் பல பத்தாண்டுகளாக முயன்றது. கட்டியிருந்தால் ஆற்றோரக் காடு நீரில் மூழ்கியிருக்கும். வாழச்சால், பொகலப்பாறை என்ற இரண்டு காடர் ஊர்களின் வாழ்வு குலைந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் நான்கு வகை இருவாச்சிகளும் ஒருசேரக் காணக் கிடைக்கும் காடு அது. தேயிலைத் தோட்டங்களுக்காகவும் முந்தைய அணைகளுக்காகவும் காடர்கள் ஏற்கெனவே பலமுறை இடம்பெயர்க்கப்பட்டவர்கள். இன்னொரு முறை முடியாது என்றார்கள். வாழச்சால் ஊரின் தலைவியான மூப்பத்தி கீதா அந்த எதிர்ப்பின் குரலாகக் கேரளம் முழுக்க அறியப்பட்டார். 2006-இல் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் திட்டத்துக்குத் தரப்பட்டிருந்த சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. 2011-இல் மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் வல்லுநர் குழு, திட்டத்துக்கு அனுமதி கூடாது என்று பரிந்துரைத்தது. பிறகு, 2014 வாக்கில், வாழச்சால் வனக்கோட்டத்தின் ஒன்பது காடர் ஊர்களுக்கு ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் காட்டின் மேல் சமூக வன வள உரிமை கிடைத்தது. ஆற்று ஆர்வலர்கள், பறவை ஆய்வாளர்கள், வழக்கறிஞர்கள் என்று பலர் சேர்ந்து தடுத்த அணை அது. ஒருவரை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. என்றாலும் 2014-க்குப் பிறகு நிலைமை மாறியது. அதுவரை காடர்கள் பாதிக்கப்படக்கூடியவர்கள். அதன்பின் அவர்கள் அந்தக் காட்டின் மேல் உரிமை பெற்றவர்கள். அணை இன்றுவரை எழவில்லை.

இந்தச் சட்டத்தின் முழு வலிமையும் தெரிந்தது ஒடிசாவில். நியமகிரி மலையில் பாக்சைட் தோண்டுவதற்கான வழக்கில் 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், மலையின் மேல் தங்களுக்குள்ள வழிபாட்டு உரிமை, சமூக உரிமை பற்றி ஊர்களின் கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்றது. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தன. அங்கு வாழும் டோங்கிரியா கோண்டு பழங்குடியினரின் மலை தப்பியது.

அதற்குப் பிறகு பாதை குறுகிவிட்டது. 2022-இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகள் தொடங்கி, வன உரிமைகள் தீர்க்கப்பட்டனவா என்று பார்க்காமலே மத்திய அரசு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தரலாம். உரிமைகளைக் கவனிக்கும் பொறுப்பு பிற்பாடு மாநில அரசின் தலையில் விழுகிறது. பணம் இறங்கி, நிலம் குறிக்கப்பட்டு, இயந்திரங்கள் வந்து நின்றபிறகு ஒரு சிற்றூரிடம் சம்மதமா என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு என்ன மதிப்பு? அதனால்தான் முன்கூட்டியே பட்டம் வாங்குங்கள் என்கிறேன். பட்டம் உள்ள ஊரைத் தாண்டிப் போவது எளிதல்ல.

இனி, எப்படி என்பதைப் பார்க்கலாம்.

முதல் பயணத்தில் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஏற்கெனவே அந்த ஊர்களோடு பழகியவர்கள் யாரேனும் இருப்பார்கள்: பழங்குடி மக்கள் சங்கத்தினர், பள்ளி ஆசிரியர், செவிலியர். அவர்கள் மூலம் மூப்பனிடம் சொல்லி அனுப்பி, வரலாம் என்று பதில் வந்தபிறகு போங்கள். தேன் எடுக்கும் பருவத்தில் ஊரில் பாதிப்பேர் காட்டுக்குள் இருப்பார்கள். அப்போது போய்ப் பயனில்லை. ஆண்களிடம் பேசி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். கிழங்கு எங்கே கிடைக்கும், எந்த ஓடை கோடையில் வற்றாது, எந்தப் பாதையில் யானை வரும் என்பதையெல்லாம் துல்லியமாகச் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

அவர்கள் காட்டைப் பற்றிப் பேசாமல் ஒழுகும் கூரையைப் பற்றிப் பேசலாம். சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை, ரேஷன் அட்டையில் பெயர் தவறு, பிள்ளைக்கு ஆதார் இல்லை என்று சொல்லலாம். மனம் தளராமல் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். சாதிச் சான்றிதழ் வன உரிமைக் கோரிக்கைக்கும் தேவைப்படுகிற ஆவணமே. தவிர, வீடும் காடும் நமக்குத்தான் வேறு வேறு. 2019 ஆகஸ்டில் ஆனைமலையின் கல்லார் காடர் குடியிருப்பை நிலச்சரிவு அழித்தபோது, அந்தக் குடும்பங்கள் காட்டைவிட்டு வெளியே போக மறுத்தன. தங்கள் காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டன. ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய குடியிருப்புகளில் ஒடுங்கிக் கிடந்து, நீண்ட போராட்டத்துக்குப் பின்னரே அதைப் பெற்றன. வீடு கட்ட எங்கே இடம் என்ற கேள்விக்கும் காட்டை யார் காப்பது என்ற கேள்விக்கும் அவர்களிடம் இருந்தது ஒரே பதில்.

உரிமைக் கோரிக்கை வேண்டும் என்று ஊரே முடிவெடுத்தால், உங்கள் வேலை தொடங்குகிறது. வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். இரண்டு ஆண்டு கழித்து அவர்களே கூப்பிடலாம்.

இந்தச் சட்டத்தில் கிராம சபை என்பது ஊராட்சி முழுவதற்குமான கிராம சபை அல்ல. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூட்டப்படும் அந்தப் பெரிய சபையில் மலையூர்க்காரர்கள் சிறுபான்மை. அவர்கள் தீர்மானம் அங்கே எடுபடாது. வன உரிமைச் சட்டம் காட்டுக் குடியிருப்பையே ஓர் ஊராக ஏற்கிறது. அந்தக் குடியிருப்பின் வயது வந்தவர்கள் அனைவரும் கூடுவதுதான் சபை. பாதிப்பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். அந்தச் சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அதிகாரிகள் வந்து தங்களுக்கு வேண்டிய பெயர்களைக் குழுவில் எழுதிவிட்டுப் போன ஊர்கள் உண்டு. பழைய குழு ஒன்று இருப்பதாகச் சொன்னால் அது எப்போது, யாரால் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று தீர்மானப் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள். சபை நடக்கும்போது எழுதித் தரும்படி கேட்டால் எழுதுங்கள், எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். கருத்துச் சொல்ல உங்களுக்கு அங்கே இடமில்லை.

“மனு கொடுத்துப் பல வருஷம் ஆச்சு, ஒன்றும் வரவில்லை” என்று பெரியவர்கள் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அதற்கொரு காரணம் உண்டு. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் நீதிமன்றத்தின் அனுமதியின்றிப் பட்டம் வழங்க முடியாமல் போனது. 2016-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அந்தத் தடை நீங்கியது. அந்த எட்டு ஆண்டு முடக்கத்தில் நம்பிக்கை இழந்த ஊர்கள் பல. அந்தப் பழைய மனுக்களின் நகலைத் தேடிப் பிடித்தால் புதிய கோரிக்கைக்கு அவை பக்கபலம்.

அடுத்தது எல்லை. இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீணாகும். சட்டம் சமூக வன வளம் என்று சொல்வது ஊர் வழிவழியாகப் பயன்படுத்திய எல்லைக்குட்பட்ட காடு முழுவதையும். ஒதுக்கு வனமும் சரணாலயமும் தேசியப் பூங்காவும் அதில் அடங்கும் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே, “இது புலிகள் காப்பகம், இங்கே இந்தச் சட்டம் செல்லாது” என்று யாராவது சொன்னால் பணிவோடு சட்டப் பிரதியை எடுத்து நீட்டுங்கள்.

எல்லையைப் பெரியவர்கள் நடந்து காட்டட்டும். பாறைக்கும் மடுவுக்கும் ஓடை சேரும் இடத்துக்கும் பெயர் இருக்கும். முதலில் தரையிலோ தாளிலோ அவர்களே வரையட்டும். அதற்குப் பின் கைப்பேசியில் ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு கூடவே நடந்து அந்தப் பெயர்களை அவர்கள் உச்சரிக்கிறபடியே பதியுங்கள். ஜிபிஎஸ் கோட்டை வைத்து அவர்கள் வரைந்ததைத் திருத்தாதீர்கள். ஆண்டில் ஒரே பருவத்தில் மட்டும் போகும் இடங்களும் ஊரின் காடுதான்: கருங்குங்கிலியம் எடுக்கும் மேட்டுக்காடு, மீன் பிடிக்கும் மடு, முன்னோர் வாழ்ந்து கைவிட்ட பழைய குடியிருப்பு. அணைக்காகவும் தோட்டத்துக்காகவும் அப்புறப்படுத்தப்பட்ட மக்களின் வரைபடத்தில் இந்தப் பழைய இருப்பிடங்கள் மிக முக்கியம். பக்கத்து ஊரின் எல்லையும் இந்த எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆனைமலையில் காடரோடு மலசரும் மலைமலசரும் முதுவரும் எரவாளரும் புலையரும் காட்டைப் பகிர்ந்தே வாழ்கிறார்கள். இரு ஊர்ப் பெரியவர்களும் ஒன்றாய் உட்கார்ந்து பேசி, பகிர்ந்து பயன்படுத்தும் பகுதி என்று இருவருமே எழுதிக் கொடுத்துவிட்டால் பிற்பாடு யாரும் அதைப் பிளவாக்க முடியாது. வாழச்சாலில் ஒன்பது ஊர்கள் சேர்ந்து ஒரு பெரும் நிலப்பரப்பின் மேல் உரிமை பெற்றதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆதாரம் தேடுவதுதான் நகரத்தில் இருப்பவர்களுக்கு மிகப் பொருத்தமான வேலை. பட்டா இல்லை, பத்திரம் இல்லை என்று ஊரார் தயங்குவார்கள். சட்டத்தின் விதிகள் பட்டா கேட்கவில்லை. பழைய அரசிதழ்கள், மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை அறிக்கைகள், வனத்துறையின் செயல்திட்டங்கள், வரைபடங்கள் எல்லாம் ஆதாரம். இடுகாடு, கோயில் மரம், பழைய கிணறு, வழித்தடம் ஆதாரம். கோரிக்கையாளர் அல்லாத ஒரு பெரியவர் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலமும் ஆதாரம். இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டது வேண்டும். இந்த ஆவணம்தான் வேண்டும் என்று எந்தக் குழுவும் பிடிவாதம் பிடிக்க முடியாது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் ஆனைமலைக் காடர்களைப் பற்றி நிறையவே இருக்கிறது. எரன்ஃபெல்ஸ் எழுதிய கொச்சிக் காடர்கள் பற்றிய நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1952-இல் வெளியிட்டது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஆங்கிலேயர் காலத்து வனத்துறைக் கோப்புகள் இருக்கின்றன. ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு உங்களில் இருவர் அங்கே உட்காரலாம். காட்டில் பொருள் எடுத்ததற்கு அபராதம் கட்டிய பழைய ரசீது ஒரு வீட்டுப் பெட்டியில் கிடக்கலாம், அதை எறியவிடாதீர்கள். அந்த மனிதர் அந்த நாளில் அந்தக் காட்டில் இருந்தார் என்று அரசே எழுதிக்கொடுத்த தாள் அது.

கோரிக்கை தயாரானதும் வன உரிமைக் குழு களச் சரிபார்ப்பு நடத்தும். நாளைக் குறிப்பிட்டு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்க வேண்டும். வந்தால் அவர்கள் பெயர், பதவி, நாள் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பெரும்பாலும் வரமாட்டார்கள், பிறகு, எங்கள் ஆள் இல்லாமல் சரிபார்த்தது செல்லாது என்பார்கள். 2012-இல் திருத்தப்பட்ட விதிகள் இதற்கு வழி சொல்கின்றன. அப்படி ஆட்சேபித்தால் கோரிக்கை மறு சரிபார்ப்புக்காகக் கிராம சபைக்குத் திரும்பி வரும். இரண்டாம் முறையும் அவர்கள் வராவிட்டால் சபையின் சரிபார்ப்பே இறுதியானது. அதனால் அந்த அறிவிப்புக் கடிதத்தின் நகலும் ஒப்புகையும் பொன்போலக் காக்கப்பட வேண்டியவை.

சபை தீர்மானம் நிறைவேற்றியபின் கோரிக்கை கோட்டாட்சியர் தலைமையிலான கோட்ட அளவிலான குழுவுக்கும், அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். குறை இருந்தால் அவர்கள் நிராகரிக்கக் கூடாது, காரணத்தோடு சபைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நிராகரித்தால் காரணம் எழுத்தில் வர வேண்டும். கோட்டக் குழுவின் முடிவை எதிர்த்து மாவட்டக் குழுவிடம் முறையிட 60 நாள் அவகாசம். மாவட்டக் குழுவின் முடிவு இறுதி. அதற்கு மேல் உயர் நீதிமன்றம்தான். உரிமைகளைத் தீர்மானிக்கும் பணி முடியும்வரை யாரையும் காட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. இந்த நாள்களையும் தாள்களையும் நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் 2019 பிப்ரவரி 13. கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றும்படி உச்ச நீதிமன்றம் அன்று உத்தரவிட்டது; நாடெங்கும் எழுந்த கொந்தளிப்புக்குப் பின் பிப்ரவரி 28 அன்று தானே அதை நிறுத்தி வைத்தது. முறையான விசாரணை இல்லாமலும் காரணம் தெரிவிக்காமலும் நிராகரிக்கப்பட்டவை எத்தனை என்ற கேள்வி அப்போதுதான் பெரிதாக எழுந்தது. காகிதம் இருந்த ஊர்களால் பேச முடிந்தது.

பட்டம் வருகிற நாள் ஆட்சியரோடு படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடாதீர்கள். அன்று மாலையே வரிவரியாகப் படியுங்கள். சட்டத்தின் மூன்றாம் பிரிவில் உள்ள, காட்டைப் பாதுகாக்கவும் மீளுருவாக்கவும் மேலாண்மை செய்யவும் உரிமை தரும் கூறு பட்டத்தில் இருக்கிறதா? அல்லது தேனும் நெல்லிக்காயும் எடுக்கிற உரிமை மட்டுமா? கேட்ட பரப்பு முழுதும் வந்திருக்கிறதா? சட்டத்தில் இல்லாத நிபந்தனை ஏதாவது நுழைக்கப்பட்டிருக்கிறதா? ஒரு சொல் விடுபட்டாலும் அன்றே எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். பட்டத்தின்படி வரைபடமும் உரிமையும் மூன்று மாதத்துக்குள் வனப் பதிவேட்டிலும் வருவாய்ப் பதிவேட்டிலும் ஏற வேண்டும். அதைப் பின்தொடர ஊரிலிருந்து ஒருவர் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் அலைவதைவிட, கோவையிலேயே இருக்கும் நீங்கள் அலைவது நல்லது.

அதன்பின் காட்டை நடத்துவது ஊரின் பொறுப்பு. சபை தேர்ந்தெடுக்கும் பாதுகாப்புக் குழு ஒரு மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும். வல்லுநர் நடையில் தடித்த அறிக்கை வேண்டியதில்லை. தீத்தடுப்பு, உண்ணிச்செடி அகற்றுதல், எந்த மரத்தில் எவ்வளவு பிசின் எடுக்கலாம், வெளியார் எதுவரை வரலாம் என்று அவர்கள் பேசும் மொழியில் நாலு பக்கம் போதும். வாழச்சாலில் இருவாச்சிக் கூடுகளைக் காடர்களே கண்காணித்துக் காக்கிறார்கள். மற்றவர்கள் கண்ணுக்கு எளிதில் படாத மரப்பொந்துகளை அவர்கள் அறிவார்கள்.

கேரளத்தில் காடர்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள், தமிழ்நாட்டில் இல்லை. இதனால் வாழிட உரிமை என்ற இன்னொரு விரிந்த உரிமையைக் கேட்பதில் இந்தப் பக்கத்தவர்களுக்கு முட்டுக்கட்டை போடப்படலாம். சட்டத்தின் அந்தக் கூறு வேளாண்மைக்கு முந்தைய வாழ்முறை கொண்ட சமூகங்களையும் சேர்த்தே சொல்கிறது. தேனும் கிழங்கும் திரட்டி வாழ்ந்த காடர்கள் அந்த வழியில் கேட்க இடமுண்டு. வழக்கறிஞர் துணையோடு செய்யவேண்டிய வேலை இது. பழங்குடியினர் எவருக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வன உரிமையை அனுபவிக்கவிடாமல் தடுப்பது, திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம் என்பதையும் அந்த வழக்கறிஞருக்கு நினைவூட்டுங்கள்.

இதோடு கூடவே, உங்களில் ஒருவர் காவல்காரராக இருக்க வேண்டும். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் வன நிலம் கேட்டு வரும் விண்ணப்பங்கள் பொதுப் பார்வைக்கு இருக்கும். வாரம் ஒருமுறை மாவட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். பெரிய திட்டமானால் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வரவேண்டும், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அதை ஊருக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவதும், கூட்டத்தன்று ஊரார் போய்வர வண்டி ஏற்பாடு செய்வதும் உங்கள் பங்கு. சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் முறையிட 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். தென்னக அமர்வு சென்னையில் இருக்கிறது. அனுமதி வந்ததே தெரியாமல் இந்த 90 நாளும் கடந்துபோகும் ஊர்கள் உண்டு. ஒரு கைப்பேசிச் செய்தி அதைத் தடுத்திருக்கும்.

செய்யக் கூடாதவை சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். ஊரின் தெய்வம் இருக்கும் இடம், மருந்துச் செடி, தேன்கூட்டுப் பாறை ஆகியவற்றைப் படமெடுத்து முகநூலிலோ யூடியூபிலோ போடாதீர்கள். அரசுக்குத் தரும் வரைபடத்திலும் எதைக் காட்டுவது என்று ஊரே முடிவெடுக்கட்டும். அகத்தியமலையின் காணிக்காரப் பழங்குடியினர் காட்டில் நடக்கும்போது களைப்புத் தெரியாமலிருக்கத் தின்னும் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைத் தங்களோடு வந்த ஆய்வாளர்களுக்குக் காட்டினார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவானது. உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டு, 1997-இல் அவர்களுக்கான அறக்கட்டளையும் அமைந்தது. உலகமே அதைப் பாராட்டியது. ஆனால் அந்த அறிவை யார் சொல்லலாம், யார் சம்மதம் தரலாம் என்ற பேச்சு அவர்களுக்குள் முன்னதாக நடக்கவில்லை, அதனால் மனக்கசப்பும் வந்தது. ஒருமுறை வெளியே போன அறிவைத் திரும்ப வாங்க முடியாது. அதுபோலவே, கரியமில வாயுவுக்குப் பணம் தருகிறோம் என்று ஒப்பந்தத்தோடு வருகிறவர்களின் தாளில், சட்டம் தெரிந்த ஒருவர் முழுதும் தமிழில் விளக்கிச் சொல்லும்வரை, சபை கைநாட்டு வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அத்தகைய ஒப்பந்தங்கள் பல பத்தாண்டுகளுக்குக் கட்டிப்போடும்.

பணம் கேட்டீர்கள். தேவைதான், ஆனால் பெருந்தொகை வேண்டாம். சபை கூடும் நாளில் கூலி இழப்பவருக்கு அந்தக் கூலி, எல்லை நடக்கும் நாள்களுக்கு அரிசியும் பருப்பும், நகலெடுக்கும் செலவு, பேருந்துக் கட்டணம், வழக்கு வந்தால் அதற்கான செலவு. உங்கள் பெயரில் அறக்கட்டளை வேண்டாம். ஊர் சபை தீர்மானித்து இரண்டு பேர் கூட்டாக இயக்கும் கணக்கில் போடுங்கள்; அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். கணக்கை ஊர் உங்களிடம் காட்டவேண்டியதில்லை, சபையில் படித்தால் போதும்.

இதற்கெல்லாம் ஐந்தாறு ஆண்டுகள் ஆகலாம். அவ்வளவு காலம் தொடர முடியாது என்றால் இப்போதே அவர்களிடம் சொல்லிவிட்டு, ஆவணம் தேடுவது போன்ற ஒரு துண்டு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதியில் காணாமல் போகிறவர்களை அந்த ஊர்கள் நிறையப் பார்த்திருக்கின்றன.

ஊருக்குப் போவதற்கு முன்பே, யாருடைய பெயரையும் இழுக்காமல், உங்கள் பெயரில் இந்த வாரமே ஒன்று செய்யலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். மூன்று கேள்விகள்: இந்த மாவட்டத்தில் எந்தெந்தக் காட்டுக் குடியிருப்புகள் படிவம் ‘சி’ கொடுத்திருக்கின்றன, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது? கோட்டக் குழுவும் மாவட்டக் குழுவும் கடைசியாகக் கூடியது எப்போது, அந்தக் கூட்டக் குறிப்புகளின் நகல் என்ன? சமூக வன வள உரிமை அங்கீகரிக்கப்படாத ஊர்களுக்கு, வன உரிமைச் சட்டத்தின் விதி 12பி சொல்கிறபடி காரணம் பதியப்பட்டிருக்கிறதா, பதிந்திருந்தால் அதன் நகல் என்ன? பதில் வந்ததும் ஊர்ப் பெயர்களை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 31-ஆம் நாள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.